கைக்குழந்தையோடு தனியாக விமானத்தில் போவது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

என் மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது அவளை மட்டும் கூட்டிக்கொண்டு முதல் தடவையாக விமானம் ஏறினேன். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரமும் ஒரே பயம்தான், அவள் வழியெல்லாம் அழுதால் என்ன செய்வது என்று. போய் இறங்கின பிறகுதான் தெரிந்தது, அழுகையை எப்படியோ சமாளித்துவிடலாம், நிஜமான கஷ்டம் கை போதாததுதான். ஒரு கை எப்போதும் குழந்தைக்கே போய்விடுகிறது. மிச்சம் இருக்கிற இன்னொரு கையால்தான் பாஸ்போர்ட்டை எடுக்க வேண்டும், ஸ்ட்ரோலரை மடக்க வேண்டும், பால் பாட்டிலைத் திறக்க வேண்டும், சிந்தினதைத் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்னும் மூன்று தடவை இதே மாதிரி தனியாகப் போய் வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "இதை ஒற்றைக் கையால் செய்ய முடியுமா?" என்று கேட்டுத்தான் எல்லாவற்றையும் தயார் செய்கிறேன். கீழே சொல்கிற ஒவ்வொரு படியும் அதிலிருந்து வந்ததுதான்.

படி 1: டிக்கெட் போடும்போதே பாதி வேலையை முடித்துவிடுங்கள்

முதலில் குழந்தையின் வயது. பிறந்து 7 நாளோ 14 நாளோ ஆகாத குழந்தையைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை, சில நிறுவனங்கள் மருத்துவர் சான்றிதழ் கேட்கும். அவசரம் இல்லையென்றால் இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, மூச்சுப் பிரச்சினை உள்ள குழந்தை என்றால் டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான் இருக்கும், ஆக்ஸிஜனும் அதற்கேற்பக் குறைவாகத்தான் கிடைக்கும். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு இதனால் தொந்தரவு இல்லை.

இரண்டு வயதுக்குள் என்றால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். வெளிநாட்டுப் பயணத்தில் மடிக்குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் அளவுக்கு வாங்குவார்கள், வரி தனி. இலவசமாகவே இருந்தாலும் குழந்தையின் பெயர் டிக்கெட்டில் இருந்தாக வேண்டும், விமான நிலையத்தில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். போகும்போது இரண்டு வயது நிரம்பாமல் இருந்து திரும்பி வருவதற்குள் நிரம்பிவிட்டால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கும். ஒரு பெரியவர் ஒரு குழந்தையைத்தான் மடியில் வைக்கலாம், இரட்டைக் குழந்தைகள் என்றால் இரண்டாவது குழந்தைக்குக் கட்டாயம் இருக்கை வேண்டும்.

பணம் இடம் கொடுத்தால் குழந்தைக்கும் ஒரு இருக்கை வாங்கி, விமானத்துக்கு அனுமதி உள்ள கார் சீட்டை அதில் கட்டி உட்கார வைப்பதுதான் பாதுகாப்பில் முதல் இடம். ஆட்டம் பலமாக இருக்கும்போது எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கை நழுவும். எல்லோராலும் இரண்டு டிக்கெட் வாங்க முடியாது என்பதும் உண்மைதான், நானும் மடியில் வைத்துத்தான் போனேன்.

நீண்ட தூரம் என்றால் பேசினெட் கேளுங்கள். அது முன்சுவரில் மாட்டுகிற சின்னத் தொட்டில். ஒரு விமானத்தில் சிலதுதான் இருக்கும், அதனால் டிக்கெட் போட்ட அன்றைக்கே போன் செய்து கேட்டுவிட வேண்டும். எடை வரம்பு பெரும்பாலும் 10 கிலோவை ஒட்டி இருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், நீளத்துக்கும் வரம்பு உண்டு. சீட் பெல்ட் விளக்கு எரிகிற ஒவ்வொரு தடவையும் தூங்குகிற குழந்தையை அதிலிருந்து தூக்க வேண்டும், இது தெரிந்தே போங்கள். இன்னொன்று, அந்த முன்சுவர் இருக்கைகளில் கால் நீட்ட இடம் இருந்தாலும் எதிரே இருக்கை இல்லாததால் காலடியில் பை வைக்க முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாமே மேல் லாக்கருக்குப் போய்விடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது, படி 3-இல் சொல்கிறேன்.

பேசினெட் கிடைக்கவில்லை என்றால் ஜன்னலா, நடைவழியா? பாலூட்ட ஜன்னல் பக்கம் மறைவாக இருக்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். தனியாகப் போகிறவர்களுக்கு நான் நடைவழிப் பக்கம்தான் சொல்வேன். தூங்குகிற இரண்டு பேரைத் தாண்டி, குழந்தையையும் தூக்கிக்கொண்டு, டயபர் நிறைந்து வழிகிற நேரத்தில் வெளியே வருவது ரொம்பச் சிரமம்.

நடுவில் விமானம் மாற வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். முக்கால் மணி நேரத்தில் ஓடிப் பிடிக்கிற இணைப்பு விமானம் கைக்குழந்தையோடு தனியாகப் போகிறவர்களுக்குச் சரிப்படாது. டிக்கெட் போடும்போதே "குழந்தையோடு தனியாக வருகிறேன், விமான நிலையத்தில் உதவிக்கு ஆள் கிடைக்குமா?" என்று கேட்டு வையுங்கள். பல நிறுவனங்களிடம் இந்த ஏற்பாடு இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

படி 2: காகிதங்கள்

வெளிநாட்டுக்குப் போனால் பிறந்து பத்து நாள் ஆன குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும், தேவைப்பட்டால் விசாவும் வேண்டும். பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், குழந்தையின் கடைசிப் பெயர் உங்கள் பெயரோடு ஒத்துப்போகவில்லை என்றால் இது கட்டாயம். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டும்போது, மற்றவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கடிதத்தைச் சில நாடுகளில் கேட்பார்கள். போகிற நாட்டின் விதியைப் பார்த்துக்கொண்டு, நோட்டரி கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கி வைத்துவிடுங்கள். கேட்கவில்லை என்றால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கேட்டு, அது கையில் இல்லாவிட்டால் பயணமே நின்றுபோகலாம்.

எல்லாவற்றையும் கழுத்தில் தொங்குகிற அல்லது இடுப்பில் கட்டுகிற ஒரு சின்னப் பையில் போடுங்கள். டயபர் பைக்குள் பாஸ்போர்ட் போகவே கூடாது.

படி 3: பையை அடுக்குவது

இதில்தான் நேரம் செலவழியுங்கள், மற்ற எதிலும் இவ்வளவு பலன் கிடைக்காது.

தோளில் ஒரு பக்கமாக மாட்டும் பையை விட்டுவிட்டு முதுகுப்பை எடுங்கள். தோள்பை குனிகிற ஒவ்வொரு தடவையும் சரிந்து முன்னால் வந்து குழந்தையின் தலையில் இடிக்கும்.

டயபர் எத்தனை? வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேருகிற வாசல் வரை எத்தனை மணி நேரமோ அத்தனை, அதற்கு மேல் மூன்று நான்கு. அதிகம் போலத் தெரியும். விமானம் தாமதமானால் தெரியாது. குழந்தைக்கு மாற்று உடை மூன்று செட், ஒவ்வொரு செட்டும் தனித்தனி ஜிப் பையில். அழுக்கானது அதே பைக்குள் திரும்பப் போய்விடும், நாற்றம் வெளியே வராது. முன்பக்கம் ஜிப் வைத்த உடையாக இருந்தால் ஒரு கையால் திறக்கலாம், வரிசையாகச் சின்னச் சின்ன பட்டன் வைத்ததை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உங்களுக்கும் ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதை எல்லோரும் மறக்கிறார்கள். முதல் பயணத்தில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் என் தோளில் முழு வயிற்றுப் பாலையும் கக்கிவிட்டாள், மிச்சம் ஐந்து மணி நேரமும் அந்த ஈரச் சட்டையோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நான் சொன்ன அந்த வழி. ஒரு சின்னப் பையில் ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள்: ஒரு டயபர், பத்து வைப்ஸ், கீழே விரிக்க ஒரு ஷீட், குப்பை போட ஒரு கவர். இன்னொரு சின்னப் பையில் ஒரு வேளைப் பால், ஒரு வாய்த்துணி, ஒரு நிப்பிள், ஒரு விளையாட்டுப் பொருள். பெரிய பை மேல் லாக்கரில் இருக்கட்டும், இந்த இரண்டும் ஏறும்போதும் இறங்கும்போதும் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். தீர்ந்ததும் பெரிய பையிலிருந்து எடுத்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். இதற்காக வீட்டிலேயே நாலைந்து செட் அடுக்கி வைத்துவிட்டால் மேலே போய்த் தேட வேண்டியதே இல்லை, ஒன்றை உருவினால் போதும்.

பால் விஷயம். தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்குச் சுமை குறைவு. பவுடர் பால் என்றால் ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள், ஆடுகிற விமானத்தில் கரண்டி கணக்கு நிற்காது. பவுடரை 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் உள்ள நீரில் கலக்க வேண்டும், கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதனால் பசி வந்து அழ ஆரம்பித்த பிறகு கலந்தால் ஆறுகிற வரைக்கும் குழந்தை பொறுக்காது. விமானப் பணியாளரிடம் இரண்டு டம்ளர் கேளுங்கள், ஒன்றில் சுடுநீர், இன்னொன்றில் ஐஸ் தண்ணீர். பாலைக் கலந்து பாட்டிலை ஐஸ் தண்ணீரில் நிறுத்திவிட்டால் சில நிமிடத்தில் குடிக்கிற சூட்டுக்கு வந்துவிடும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். விமானக் கழிவறைக் குழாய்த் தண்ணீரைப் பாலுக்கோ பாட்டில் கழுவவோ தொடவே வேண்டாம்.

தூங்க வைக்க அலர்ஜி மருந்து கொடுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கைக்குழந்தைக்கு அது ஆபத்தானது, சில குழந்தைகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் எரிச்சலும் துள்ளலும்தான் வரும்.

படி 4: வீட்டில் ஒரு ஒத்திகை

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் இதைச் செய்யுங்கள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள், அல்லது மார்போடு கட்டுகிற கேரியரில் போட்டுக்கொள்ளுங்கள். அடுக்கின முதுகுப்பையை மாட்டுங்கள். இப்போது ஒரு கையால் பாஸ்போர்ட்டை எடுத்து உள்ளே வையுங்கள். ஒரு கையால் ஸ்ட்ரோலரை மடக்கித் தூக்குங்கள். பாட்டில் மூடியைத் திறங்கள். செருப்பைக் கழற்றி மாட்டுங்கள். குனிந்து கீழே விழுந்த துணியை எடுங்கள்.

எது முடியவில்லையோ அதை மாற்றுங்கள் அல்லது விட்டுவிட்டுப் போங்கள். என்னுடைய பெரிய ஸ்ட்ரோலர் இந்தச் சோதனையில்தான் தோற்றது, அதன் பிடியை அழுத்த இரண்டு கை கட்டாயம் வேண்டியிருந்தது. அதை வைத்துவிட்டுக் கேரியரை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். இன்றைக்கும் ஸ்ட்ரோலரா கேரியரா என்று கேட்டால், ஆறேழு மாதத்துக்குள் கேரியர் என்றுதான் சொல்வேன்.

படி 5: விமான நிலையத்தில்

மடிக்குழந்தை இருந்தால் பல நிறுவனங்களில் ஆன்லைனில் செக்-இன் செய்ய விடாது, கவுண்டருக்குத்தான் போக வேண்டும். வழக்கமாகப் போவதைவிட ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பெரிய பெட்டி எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள், உங்களோடு கேபினுக்கு வருவது முதுகுப்பை மட்டும்தான். ஸ்ட்ரோலர் இருந்தால் அதற்கு ஒரு சீட்டு ஒட்டித் தருவார்கள், விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே கொடுக்கலாம். இறங்கும்போது அது வாசலிலேயே கிடைக்குமா, பெட்டிகளோடு பெல்ட்டில்தான் வருமா என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் விமானம் மாறுகிறீர்கள் என்றால் இந்தக் கேள்வியை விடவே கூடாது.

பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி 2006-இல் வந்தது. பல நாடுகளில் அது இன்னும் இருக்கிறது, ஆனால் குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பயணத்துக்கு வேண்டிய அளவு விலக்கு உண்டு. அவற்றைத் தனிக் கவரில் போட்டு, அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள், சில இடங்களில் திறந்து பரிசோதிப்பார்கள். ஸ்ட்ரோலர் இயந்திரத்துக்குள் போகும், குழந்தை உங்கள் கையில் வரும். கேரியரைக் கழற்றச் சொன்னாலும் சொல்வார்கள், அதனால் அது சுலபமாகக் கழற்றி மாட்டுகிற வகையாக இருக்கட்டும். லேஸ் இல்லாத செருப்பு, உலோகம் இல்லாத உடை போட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவரின் அவசரம் உங்கள் அவசரம் ஆகிவிட வேண்டாம். "கொஞ்சம் இந்த ட்ரேயைத் தூக்கித் தர முடியுமா?" என்று கேளுங்கள். நான் கேட்டு இதுவரை யாரும் முடியாது என்று சொன்னதில்லை.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் விமானம் ஏற அழைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் டயபர் மாற்றிவிடுங்கள். நீங்களும் கழிவறைக்குப் போய் வந்துவிடுங்கள், அடுத்த வாய்ப்பு எப்போது என்று சொல்ல முடியாது.

படி 6: ஏறி உட்காருவது

குழந்தையோடு வருபவர்களை முதலில் கூப்பிட்டால் போய்விடுங்கள். உள்ளே கடைசியில் போனால் குழந்தைக்கு அடைபட்டு இருக்கிற நேரம் குறையும் என்று சொல்வார்கள், கூட இன்னொருவர் இருந்தால் அது சரி. தனியாக இருக்கும்போது மேல் லாக்கரில் இடம் பிடிப்பதும் நிதானமாக உட்காருவதும்தான் முக்கியம். உட்காருவதற்கு முன் அங்கே நிற்கிற பணியாளரிடம் "நான் தனியாகக் குழந்தையோடு வந்திருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பல நாட்டு விமானங்களில் குழந்தைக்கென்று ஒரு சின்ன பெல்ட் தருவார்கள், அது உங்கள் பெல்ட்டில் கோத்துக்கொள்வது. தராத நாடுகளும் உண்டு, அங்கே இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டும். உங்கள் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது மட்டும் கூடவே கூடாது, திடீரென்று குலுங்கினால் உங்கள் எடை முழுவதும் குழந்தை மேல் இறங்கும். கேரியரிலிருந்தும் இந்த நேரத்தில் பெரும்பாலும் வெளியே எடுக்கச் சொல்வார்கள்.

ஆக்ஸிஜன் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு. இது மனசுக்கு ஒவ்வாது, எந்த அம்மாவுக்கும் கை தானாகக் குழந்தையிடம்தான் போகும். ஆனால் 35,000 அடியில் காற்றழுத்தம் போனால் நிதானமாக யோசித்துச் செயல்பட ஏறக்குறைய அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்தான் கிடைக்கும். நீங்கள் மயங்கிவிட்டால் குழந்தைக்கு மாட்ட யாரும் இல்லை. மூன்று இருக்கைக்குப் பொதுவாக நான்கு முகமூடி வைத்திருப்பார்கள், அந்த நான்காவது உங்கள் குழந்தைக்கு. அதனால்தான் ஒரே பக்கத்து மூன்று இருக்கைகளில் இரண்டு மடிக்குழந்தைகளை உட்கார வைப்பதில்லை.

படி 7: காது

விமானத்தில் குழந்தை வீறிட்டு அழுவதற்குப் பெரிய காரணம் இதுதான், கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடுவோம். செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சின்ன காற்றறை இருக்கிறது, அதைத் தொண்டையோடு இணைக்கும் ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. விமானம் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை தலைகீழ், வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே போகும், குழாய் திறந்தால்தான் காற்று உள்ளே போய்ச் சமமாகும். விழுங்கும்போதுதான் அது திறக்கும். நாம் எச்சிலை விழுங்கிக்கொள்கிறோம், கொட்டாவி விடுகிறோம், குழந்தைக்கு அது தெரியாது. தவிர அந்தக் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலாகவும் படுக்கைவசமாகவும் இருக்கும்.

ஆகவே இறங்கும்போதுதான் பால் கொடுக்க வேண்டும். எல்லோரும் ஏறும்போதே வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, இறங்குகிற நேரத்தில் குழந்தை குடிக்க மறுக்க, தவித்துப்போகிறார்கள். ஏறும்போது நிப்பிளோ இரண்டு வாய்ப் பாலோ போதும். சக்கரம் தரையைத் தொடப்போகிறபோது கொடுப்பதும் தாமதம். தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்க ஆரம்பித்துவிடும், "இறங்கப் போகிறோம்" என்று அறிவிப்பு வந்ததுமே தொடங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுக் கொடுங்கள், தலை சற்று நிமிர்ந்து இருக்கட்டும். தூங்கினால் நான் எழுப்புவதில்லை, சிணுங்கிய உடனே வாயில் வைக்கப் பாட்டிலைத் தயாராக வைத்துக்கொள்வேன். மூக்கடைத்த சளி, காதில் தொற்று இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இதே அழுத்தம் பாட்டிலிலும் வேலை செய்யும். தரையில் இறுக்கி மூடின பாட்டிலில் அடைபட்ட காற்று மேலே போனதும் விரியும், மூடியைத் திறந்தால் பால் நிப்பிள் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். ஸ்ட்ரா வைத்த குவளை இன்னும் மோசம். ஒரு துணியை மேலே போர்த்தி, முகத்துக்கு எதிரே இல்லாமல் மெல்லத் திறந்து காற்றை விட்டுவிட்டுப் பிறகு கொடுங்கள்.

படி 8: மேலே இருக்கிற நேரம்

டயபர் மாற்றும் பலகை எல்லாக் கழிவறையிலும் இருக்காது, எதில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். அந்தச் சின்னப் பையை மட்டும் கொண்டு போங்கள். குழந்தையைப் படுக்க வைப்பதற்கு முன்னாலேயே பலகையை இறக்கி, ஷீட்டை விரித்து, புது டயபரைப் பிரித்து, நாலு வைப்ஸ் உருவி வைத்துவிடுங்கள். படுக்க வைத்த பிறகு ஒரு கை குழந்தையின் வயிற்றின் மேலேயே இருக்க வேண்டும், பலகையோ குறுகல். பழைய டயபர் கவருக்குள் போய்க் குப்பைத்தொட்டிக்குப் போகட்டும்.

உங்களுக்குக் கழிவறை போக வேண்டும் என்றால்? யாரும் எழுதாத விஷயம் இது. குழந்தையைக் கேரியரில் கட்டிக்கொண்டே போகலாம், நானும் அப்படித்தான் போனேன். அதற்குத் தோதான உடையாக, ஒரு கையால் இறக்கி ஏற்றுகிற எலாஸ்டிக் வைத்ததாகப் போட்டுக்கொள்ளுங்கள். பணியாளர்கள் குழந்தையை வாங்கிக்கொள்வார்களா என்பது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது, கேட்டுப் பார்க்கலாம்.

சூடான பானம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும்போதும் குழந்தையின் தலைக்கு மேலாகத் தர வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் சாப்பாட்டை டிராலி வரும்போதே வாங்காமல், குழந்தை தூங்கின பிறகு தரச் சொன்னால் பெரும்பாலும் தருவார்கள். தண்ணீர் மட்டும் நிறையக் குடியுங்கள், உள்ளே காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், பாலூட்டுகிறவர்களுக்குத் தாகம் தாங்காது.

உங்களுக்குத் தூக்கம் சொக்கினால் குழந்தையை மடியில் வைத்தபடி கண் அசராதீர்கள். பேசினெட் இருந்தால் அதில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கேரியரில் இருக்கும்போது தாடை நெஞ்சில் அழுந்தாமல் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள், முகத்தின் மேல் துணி கூடாது.

அழுதால், காது, பசி, டயபர், குளிர் அல்லது புழுக்கம், தூக்கம் என்று இந்த வரிசையில் பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் எழுந்து நடந்து, பின்பக்கம் பணியாளர்கள் இருக்கிற இடத்தில் நின்று மெல்ல ஆட்டுங்கள், என்ஜின் இரைச்சல் அங்கே பலமாகக் கேட்கும், நிறையக் குழந்தைகள் அதிலேயே அடங்கிவிடும். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். குழந்தை அழுகிறது, நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

படி 9: இறங்குவது

எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். வழி காலியான பிறகு குழந்தையைக் கேரியரில் போட்டு, பையை இறக்கித் தரச் சொல்லி, இருக்கையின் கீழும் இடுக்கிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நிப்பிள் எப்போதும் அங்கேதான் கிடக்கும். குடியேற்ற வரிசையில் குழந்தையோடு இருப்பவர்களுக்குத் தனி வழி இருக்கிறதா என்று முன்னால் நிற்கிற ஊழியரிடம் கேளுங்கள்.

பெட்டி வருகிற பெல்ட்டில் மட்டும் அவசரப்படாதீர்கள். முன்னால் குழந்தை தொங்க, குனிந்து இருபது கிலோ பெட்டியை ஓடுகிற பெல்ட்டிலிருந்து இழுப்பது முதுகுக்கும் கேடு, குழந்தைக்கும் ஆபத்து. முதல் பயணத்தில் நான் ஒரு சுற்று விட்டுவிட்டேன். இரண்டாவது சுற்றில் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் "அந்த நீலப் பெட்டி" என்று கை காட்டினேன். அவர் எடுத்து வைத்தார், கைப்பிடியையும் நீட்டி என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.